என் பெயரில் நிற்கும் யல்தா ஹத்தாத்தின் வீடு

மேடையில் அமர்ந்திருக்கும் அருட்தந்தை பவுலோஸ் அவர்களே, மருத்துவமனைத் தோழர்களே, அங்கவாவிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் எங்கள் பழைய மோசுல் தெருக்காரர்களே, தகப்பன் யல்தாவை இழந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மகளே ஷமிரான்! உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் கானிம் ஹத்தாத். பின்வரிசையில் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. "இவனுக்கு என்ன தைரியம் பாரு, வீட்டையும் அமுக்கிட்டு மைக்கையும் பிடிச்சுட்டான்" என்கிறீர்கள். சொல்லுங்கள், நன்றாகச் சொல்லுங்கள். அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

யல்தா ஹத்தாத் அசிரியக் கிறிஸ்தவர். நான் அரபு முஸ்லிம். அவர் பாட்டனாரும் இரும்படித்த கொல்லர், என் பாட்டனாரும் இரும்படித்த கொல்லர். அதனால் இரண்டு வீட்டுக்கும் ஹத்தாத், அதாவது கொல்லர், என்று ஒரே குடும்பப் பெயர். அதைத் தவிர எங்களுக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

முப்பத்தொரு ஆண்டுகள் அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தவர் யல்தா. நான் பக்கத்து அறையில் ரத்தம் பரிசோதித்தேன். மின்சாரம் இல்லாத நாட்களில் தம் வீட்டு ஜெனரேட்டரை ரொட்டிக்கடை வண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு வந்தது யார்? யல்தா! கை கால் முறிந்து வந்தவனிடம் நீ எந்த இனம், எந்தக் கோயில் என்று அவர் கேட்டதுண்டா? "மூச்சைப் பிடிடா, அசையாத, அப்புறமா அம்மாவைக் கூப்பிட்டுக்கோ." அவ்வளவுதான் அவர் சொன்னது. அப்பேர்ப்பட்ட மனிதரை நாம் என்ன பாடு படுத்தினோம்!

போர் வந்தது, உங்களைப் போலவே அவரும் குர்துப் பகுதியிலுள்ள அங்கவாவுக்கு ஓடினார். மூன்று ஆண்டு கழித்துத் திரும்பி வந்தால் வீட்டில் பாதிச் சுவர் இல்லை. பத்திர அலுவலகம் எரிந்துபோயிருந்தது. புதிய பதிவேடு எழுத உட்கார்ந்த எழுத்தரிடம் யாரோ "அது ஆஸ்பத்திரி ஹத்தாத் வீடு" என்று சொல்ல, அந்த மகராசன் என் அடையாள எண்ணைத் தேடிப்பிடித்து எழுதிவிட்டார். நான் கேட்காமலே யல்தாவின் வீட்டுக்குச் சொந்தக்காரனாகிவிட்டேன்!

மறுநாளே ஓடினேன். அந்த எழுத்தர் என்ன சொன்னார் தெரியுமா? "ஏன்யா, சும்மா ஒரு வீடு மடியில வந்து விழுந்திருக்கு. வாயை மூடிக்கிட்டுப் போவியா, வேலையத்துப் போய் இங்க வந்து நிக்கிறியே!" திருப்பி எழுதித் தருகிறேன் என்றேன். அந்தத் தெருவில் வீடு கைமாறத் தடை இருக்கிறது, நீதிமன்றம்தான் திருத்தவேண்டும் என்றார்கள். நீதிமன்றத்திலோ, போருக்கு முன் அதே தெருவில் குடியிருந்த ஐந்து பேர் சாட்சி சொல்லவேண்டும் என்றார்கள். ஐந்தே ஐந்து பேர்!

யல்தா இரண்டு ஆண்டுகள் உங்கள் வாசல்களில் ஏறி இறங்கினார். நானும் கூடவே போனேன். கிடைத்தது இரண்டு கையெழுத்து. ஒன்று அருட்தந்தை போட்டது, இன்னொன்று ரொட்டிக்கடைக்காரர் போட்டது. மற்றவர்கள்? "நாங்களே ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்புறோம், எதுக்குண்ணே கோர்ட்டு கேஸு?" "அடுத்த வாரம் வாங்களேன், பாக்கலாம்." எத்தனை அடுத்த வாரம்! எனக்குக் கோபத்தில் தலை வெடிக்கும். அவர் மட்டும் திரும்பும் வழியில் என் தோளைத் தட்டி, "வீட்டுக்காரரே, மாடியில குழாய் ஒழுகுது. எப்போ சரிபண்ணித் தர்றதா உத்தேசம்?" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. இன்றைக்கும் வரவில்லை.

எனக்கு எழுபத்து மூன்று வயது. நான் கண்ணை மூடினால் அந்த வீடு சட்டப்படி என் பிள்ளைகளுக்குப் போகும். என் மூத்தவன் நல்லவன்தான். ஆனால் அவனுக்கு மூன்று பிள்ளைகள், வாடகை வீட்டில் இருக்கிறான். நாளைக்கு அவன் மனசு எப்படி இருக்குமென்று நான் எப்படி உறுதி சொல்வேன்? அப்போது ஷமிரான் எங்கே போவாள்? தகப்பன் கட்டிய வீட்டு வாசலில் அந்நியமாக நிற்பாளா?

அங்கவாவிலிருந்து ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து, துக்கத்துக்குக் கொடுக்கும் கசப்புக் காபி குடித்து, அழுது, "எப்பேர்ப்பட்ட மனுஷன்" என்று உச்சுக்கொட்ட உங்களால் முடிகிறது. நீதிமன்றமும் இதே சாலையில்தான் இருக்கிறது! வருகிற செவ்வாய்க்கிழமை கடைசி வாய்தா. அன்றைக்கும் சாட்சி குறைந்தால் கோப்பை மூடிவிடுவார்கள்.

அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று இந்த இடத்தில் சூளுரைப்பது வழக்கம். எனக்குச் சூளுரை வேண்டாம். மூன்று பேர் வேண்டும். காகிதம் என் கையில் இருக்கிறது. மூன்று பேர் எழுந்து வரும்வரை நான் இந்த மைக்கை விடப்போவதில்லை.

என்ன, எல்லோரும் தரையைப் பார்க்கிறீர்கள்?

கதவோரம் எழுந்தது யார்? தையற்கார ஹபீப் அண்ணனா? எங்கே கிளம்பிவிட்டீர்கள், பஸ்ஸுக்கா?

இல்லையா? அப்படியானால் இப்படி முன்னால் வாருங்கள் அண்ணே. ஷமிரான், அண்ணனுக்குப் பேனாவைக் கொடும்மா.

இன்னும் இரண்டு பேர்.