மஞ்சள் ஒயின் கடைசியில்தான் வரும்

நதீன்: மூணாவது தடவையா அந்த டையைச் சரி பண்றே. ஒயினைப் பத்திதான் கேப்பாங்க ரெமி, டையைப் பத்தி இல்ல.

ரெமி: கிண்டல் பண்ணு, பண்ணு. நாலு மணிக்கு ஒயின் சபைக்காரங்க முப்பது பேர் முன்னாடி பரீட்சைக்கு நிக்கப் போறவன் நான்தானே. அவங்க போடுற அங்கி எனக்கும் கிடைக்கணும்னு பதினோரு வருஷம் காத்திருந்திருக்கேன்...

நதீன்: என்னைக் கட்டிக்க ரெண்டு மாசம்கூடக் காத்திருக்கலை.

ரெமி: நீ ஒயின் இல்லையே.

நதீன்: நல்லவேளை. ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டு வாளியில துப்பியிருப்பே.

கஸ்பார்: படி வழுக்கும், பாத்து இறங்குங்க! புருஷன் பொண்டாட்டி சண்டையை மேலேயே முடிச்சிட்டு வரக் கூடாதா? கீழே நிலவறையில என் பீப்பாயெல்லாம் தூங்குது.

ரெமி: சண்டை இல்ல கஸ்பார் அண்ணே. பரீட்சைக்கு முன்னாடி தைரியம் சொல்றா.

கஸ்பார்: மேல மெயின் கதவைச் சாத்தினீங்களா? சனிக்கிழமை வந்தா இந்த ஆர்புவா ஊர்ல கதவைத் திறந்து வைக்க முடியலை. எல்லாம் ஒயின் ரசிகர்களாம்! காலையில ஒருத்தன் பீப்பாயைக் கட்டிப் பிடிச்சு, கண்ணை மூடி போட்டோ எடுத்துக்கிட்டான். "உள்ளே இருக்கிறது பேசுது"ன்னு சொன்னான்.

நதீன்: என்ன இருந்துச்சு உள்ளே?

கஸ்பார்: தோட்டத்துக்குத் தண்ணி விடுற பழைய ரப்பர் குழாய்.

ரெமி: இந்த சுற்றுலாக்காரங்களை ஊருக்குள்ளேயே விடக் கூடாது அண்ணே.

கஸ்பார்: நீங்க மட்டும் யாராம்?

ரெமி: நாங்களா! பத்தொம்பது வருஷமா அக்டோபர் ஆனா லியோன்லேருந்து வர்றோம்!

கஸ்பார்: சரி. பத்தொம்பது வருஷத்து சுற்றுலாக்காரங்க. இந்தா, கறுப்பு கிளாஸ். சபையில இதுலதான் ஊத்துவாங்க. சிவப்பா வெள்ளையான்னு கண்ணுக்குத் தெரியாது. மோந்து பாத்துத்தான் சொல்லணும். மொத்தம் ஆறு.

ரெமி: தெரியும் அண்ணே. ஆறுல ஒண்ணு தப்பினா மன்னிச்சிடுவாங்க.

கஸ்பார்: எந்த ஒண்ணும் தப்பலாம், மஞ்சள் ஒயின் மட்டும் தப்பக் கூடாது. இந்த ஊருக்குப் பேரே அதாலதான். அதைத் தப்பா சொன்னா மணி அடிப்பாங்க. முப்பது பேரும் எழுந்து நிப்பாங்க. வெள்ளித் தட்டுல ஒரு கிளாஸ் தண்ணி வரும். அதை நின்னுகிட்டே குடிச்சிட்டு வெளியே போகணும்.

நதீன்: தண்ணியா? அடடா, என்ன கொடுமை.

கஸ்பார்: சிரிக்காதே தங்கச்சி. நான் சபையில சேந்ததுலேருந்து ஒருத்தனுக்குத்தான் அந்தத் தண்ணி வந்திருக்கு. அன்னிக்குப் போனவன், அப்புறம் இந்த ஊர்ப் பக்கமே தலைவெச்சுப் படுக்கலை.

ரெமி: அண்ணே, சும்மா பயமுறுத்தாதீங்க. எங்க ஒயின் கிளப்பிலேருந்து இருபத்திரண்டு பேர் பஸ் பிடிச்சு வர்றாங்க. என் மேலதிகாரி தன் மாமியாரையும் கூட்டிட்டு வர்றார்.

நதீன்: மாமியார் வந்துட்டா வேற என்ன வேணும். கல்வெட்டுலயே செதுக்கிடலாம்.

ரெமி: நீ முன் வரிசையில உக்காரு நதீன். எனக்கு நேர் எதிரே. கொஞ்சம் வலப்பக்கமா... வெளிச்சம் இருக்கிற இடத்துல.

நதீன்: எதுக்கு வெளிச்சம்? நானா பரீட்சை எழுதப் போறேன்?

ரெமி: இல்ல... உன் முகத்தைப் பாத்தா தைரியமா இருக்கும்.

நதீன்: ஆகா. கல்யாணத்தன்னிக்குக்கூட இப்படி ஒரு வார்த்தை வரலை.

கஸ்பார்: அது நடக்காது ரெமி. இந்த வருஷத்துலேருந்து வீட்டுக்காரங்களுக்கு உள்ளே இடமில்லை. தோட்டத்துல நாற்காலி போட்டிருக்கு. போன வருஷம் ஒரு மகராசி, தனக்கு ஊத்தினதைக் குடிச்சுப் பாத்து, இருமி இருமியே புருஷனுக்கு விடை சொல்லிக் கொடுத்துட்டா. ஒரு இருமல்னா சிவப்பு, ரெண்டு இருமல்னா வெள்ளை.

ரெமி: உள்ளே... விடவே மாட்டாங்களா?

கஸ்பார்: ஏன் வெளிறிப் போறே?

ரெமி: ஒண்ணுமில்ல. கீழே குளிர் ஜாஸ்தி. ஊத்துங்க, ஒரு தடவை ஒத்திகை பாத்துடலாம்.

கஸ்பார்: ஊத்தியாச்சு. எடு.

ரெமி: நதீன்... ஏன் சுவரைப் பாத்து உக்காந்திருக்கே?

நதீன்: கழுத்து பிடிச்சிருக்கு.

ரெமி: இப்பவா?

நதீன்: கழுத்து உன்னைக் கேட்டுட்டா பிடிக்கும்? நீ பாட்டுக்கு மோந்து பாரு.

ரெமி: ம்... ம்ம்... ஆமா. அழகு. முதல்ல ரோஜா வருது. பின்னாடியே ஸ்ட்ராபெர்ரி. அப்புறம்... மழை நின்ன மண்ணு.

நதீன்: என்ன ஸ்ட்ராபெர்ரி?

ரெமி: காட்டு ஸ்ட்ராபெர்ரி.

நதீன்: பழுத்ததா?

ரெமி: லேசா செங்காய். அந்தச் செங்காய்தான் இதோட அழகே. அண்ணே, சந்தேகமே இல்ல. இது பூல்சார் திராட்சை. வெளிர் சிவப்பு. உங்க மேட்டுத் தோட்டத்துது. என்ன அண்ணே, அசந்துட்டீங்களா?

கஸ்பார்: இன்னொரு தடவை மோந்து பாரு ரெமி. நிதானமா.

ரெமி: ம்ம்... இப்போ ஸ்ட்ராபெர்ரி இன்னும் தெளிவா இருக்கு.

கஸ்பார்: அட கடவுளே. நான் கார்க்கைப் பிடுங்கினதுமே இந்த நிலவறை முழுக்க வால்நட் வாசம் தூக்குது. மேல தெருவுல போற நாய்கூட நின்னு மோந்துட்டுப் போகும். அது மஞ்சள் ஒயின்டா!

ரெமி: மஞ்சளா? மஞ்சளை எப்படி முதல்ல ஊத்துவீங்க? முதல்ல வெளிர் சிவப்பு, அப்புறம் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் கடைசியிலதானே வரும்! பத்தொம்பது வருஷமா இந்த ஊர்ல எந்த நிலவறையிலயும் யாரும் இப்படிப் பண்ணது கிடையாது. இது அநியாயம் அண்ணே!

கஸ்பார்: அப்போ நீ மூக்கால சொல்லலை. வரிசையால சொல்லியிருக்கே.

ரெமி: சபையிலயும் அந்த வரிசைதானே...

கஸ்பார்: சபையில சீட்டுக் குலுக்கி ஊத்துவாங்க.

நதீன்: டையை இறுக்கிக் கட்டிட்டியோ? மூக்குக்குப் போற வழி அடைச்சிருக்கும்.

ரெமி: ஜலதோஷம்.

நதீன்: காலையில ஓட்டல்ல "சும்மா கிண்ணுன்னு இருக்கேன்"னு சொன்னே.

ரெமி: கிளாஸ்ல சோப்பு வாடை.

கஸ்பார்: என் கிளாஸ்லயா?

ரெமி: இல்ல அண்ணே... விடுங்க. போதும். எனக்கு... வாசனையே தெரியலை. ஜனவரியில காய்ச்சல் வந்துச்சே, அதோட போச்சு. ரோஜா, மண்ணு, காபி, எதுவும் இல்ல. புளிப்பு தெரியுது, இனிப்பு தெரியுது. மிச்சமெல்லாம் வெறும் ஈரம்.

கஸ்பார்: ஒம்பது மாசமாவா? வாரா வாரம் வியாழக்கிழமை கிளப்புல எல்லா ஒயினையும் சரியா சொல்றேன்னு பீத்திக்கிட்டு இருந்தியே?

ரெமி: இவ முகத்தைப் பாத்து சொல்லுவேன். இவ குடிச்சதும் மூக்கு விரிஞ்சா பூ வாசம். உதடு சுழிஞ்சா பழம் காயா இருக்கு. இடது புருவம் ஏறினா ஓக் மரப் பீப்பாய் வாசம். இவளுக்கே தெரியாது அண்ணே, அவ்வளவு நல்ல மூக்கு. இவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க... அட, இங்கேயேதான் இருக்காளே. எனக்கு மூளையும் போச்சு.

கஸ்பார்: இவளுக்குத் தெரியாதா! போன வாரம் எனக்கு போன் பண்ணி, "மஞ்சளை முதல்ல ஊத்துங்க அண்ணே, முப்பது பேர் முன்னாடி கவுந்து விழறதுக்குப் பதிலா உங்க ஒருத்தர் முன்னாடி விழட்டும்"னு சொன்னது யாருங்கிறே?

ரெமி: நதீன்?

நதீன்: கழுத்து சரியாயிடுச்சு. ஆச்சரியம்.

ரெமி: உனக்கு எப்போலேருந்து தெரியும்?

நதீன்: பிப்ரவரி. உன் நாற்காலிக்கு அடியில ரெண்டு நாள் சீஸை வெச்சிருந்தேன். நாத்தமான சீஸ், காகிதம்கூடச் சுத்தலை. அதுக்கு மேலேயே உக்காந்து நீ பேப்பர் படிச்சே. எதிர் வீட்டுக்காரி வந்து, யாராவது செத்துட்டாங்களான்னு கேட்டா.

ரெமி: அப்போ அந்தப் புருவம்...

நதீன்: கண்ணாடி முன்னாடி பழகினது. நீ தடுமாறினா எனக்கு உதறலாயிடும். அதான் நல்லா பெருசா ஏத்துவேன். மே மாசம் ஒரு தடவை நிஜமாவே தும்மல் வந்துச்சு. நீ உடனே "மிளகு"ன்னே. கிளப்பே எழுந்து கைதட்டுச்சு.

கஸ்பார்: அந்த மிளகுக் கதையை என்கிட்ட மூணு தடவை சொல்லியிருக்கான்!

ரெமி: சிரிங்க அண்ணே, நல்லா சிரிங்க. நாலுக்கு இன்னும் எவ்வளவு நேரம்?

கஸ்பார்: ஒண்ணரை மணி நேரம். வேணும்னா காய்ச்சல்னு சொல்லிடறேன். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.

ரெமி: வேண்டாம். அடுத்த வருஷமும் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. மூக்கு போச்சு, பேரை அடிச்சிடுங்கன்னே சொல்லுங்க. பஸ்ல வர்றவங்ககிட்ட நானே சொல்லிக்கறேன்.

நதீன்: அந்த மாமியாருக்கு?

ரெமி: அந்தம்மாவுக்கும்.

கஸ்பார்: சரி. நான் போய்ச் சொல்லிட்டு வரேன். பாட்டில் இங்கேயே இருக்கட்டும். இவனுக்கு ஊத்தாதே தங்கச்சி, இவனுக்கு ரப்பர் குழாய்த் தண்ணியே போதும்.

நதீன்: படி வழுக்கும், பாத்துப் போங்க அண்ணே!

ரெமி: போயிட்டார்.

நதீன்: அந்த கிளாஸை இப்படிக் கொடு. நல்ல ஒயின். ஸ்ட்ராபெர்ரின்னு சொல்லி அதை அவமானப்படுத்தினது போதும்.

ரெமி: ஒண்ணு கேக்கட்டுமா?

நதீன்: கேளு.

ரெமி: பிப்ரவரியிலேயே தெரியும்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாம். டாக்டர்கிட்டயாவது கூட்டிட்டுப் போயிருக்கலாம். நான்தான் வெக்கத்துல மறைச்சேன். நீ ஏன் இத்தனை மாசம் நடிச்சே?

நதீன்: குளிருது. மேல போலாமா?

ரெமி: பேச்சை மாத்தாதே.

நதீன்: பத்தொம்பது வருஷமா இந்த ஊருக்கு என்னைக் கூட்டிட்டு வந்து, நீ கிளாஸையேதான் பாத்துக்கிட்டு இருந்தே ரெமி. இந்த ஒம்பது மாசமாத்தான் ஒவ்வொரு வாய்க்கு முன்னாடியும் என் முகத்தைப் பாத்தே. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. சொன்னா நிறுத்திடுவியேன்னுதான் சொல்லலை.