மணல் அள்ள ஓடியவன்

ஓடுகிறேன். செவ்வாய்க்கிழமை. காலை ஏழு நாற்பது. பின்னால் என் மகள் எரிந்துகொண்டிருக்கிறாள். நான் தெருமுனையில் கொட்டிக் கிடக்கும் மணலை நோக்கி ஓடுகிறேன்.

வீடு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால். ஒற்றை அறை. கேஸ் அடுப்பு தரையில்தான் இருந்தது. பவித்ராவுக்கு அப்போது ஆறு வயது. நைலான் கவுன். அடுப்பைத் தாண்டினாள். 'புஸ்' என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்.

என் மனைவி சுகுணா பக்கெட்டைத் தூக்கிவிட்டாள். பக்கெட் நிறையத் தண்ணீர். நான் கத்தினேன்.

"தண்ணி ஊத்தாத! ஏய், ஊத்தாத! வெடிச்சிடும்!"

அவள் கை நின்றது. நான் சொன்னால் கேட்பவள். பாவி, அன்றைக்காவது கேட்காமல் இருந்திருக்கலாம்.

ஏன் கத்தினேன்? நான் இரும்பு உருக்கும் ஆலையில் பர்னஸ் ஆள். நைட் ஷிப்ட் முடித்து வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எங்கள் ஷெட்டில் முதல் நாள் சொல்லித்தருவது ஒன்றுதான். உருகின இரும்புக்குப் பக்கத்தில் தண்ணீர் வரக்கூடாது. ஈரமான தகரம் ஒன்று உள்ளே விழுந்தாலும் குழம்பு வெடித்துச் சிதறும். நானே பார்த்திருக்கிறேன். யாராவது தண்ணீர் பாட்டிலோடு கிட்டே வந்தால் கத்துவோம். குழம்பு கீழே சிந்தினால் மணல் போடுவோம். ஒன்பது வருடம் அதுதான் வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் புத்தி ஷெட்டிலேயே நின்றது. முட்டாள்.

துண்டில் மணல் அள்ளி வந்தேன். கொட்டினேன். தீ அணைந்தது. ஒரு நொடி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. எழுதவே கூசுகிறது.

மணல் புண்ணில் ஒட்டிக்கொண்டது.

ஆம்புலன்ஸ். சைரன். பவித்ரா அழவில்லை. கவரைப்பேட்டை தாண்டும்போதுதான் வாய் திறந்தாள்.

"நைனா, தண்ணி."

சென்னையில் தீக்காய வார்டு. நர்ஸ் இடுக்கியால் மணல் பொறுக்குகிறார். கிண்ணத்தில் 'டிக்'. மறுபடி 'டிக்'. பிள்ளையின் அலறலுக்கு நடுவிலும் எனக்கு அது கேட்டது. டாக்டர் சொன்னார்: உடனே தண்ணீர் ஊற்றியிருந்தால் இவ்வளவு ஆழமாக வெந்திருக்காது. சுகுணா என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"பயத்துல ஒண்ணும் தோணல சார்."

அதன்பிறகு எந்த டாக்டர் கேட்டாலும் இதே பொய். எனக்காக. நான் ஒருமுறைகூட அவளைத் தடுக்கவில்லை.

பிழைத்தாள். பிழைத்தால் முடிந்தது என்று நினைத்தோம். பிள்ளை வளர்ந்தாள், தழும்பு வளரவில்லை. கழுத்தை மார்போடு இழுத்தது. வெட்டிவிட்டு, தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். இன்னும் வளர்ந்தாள். மறுபடி இழுத்தது. தழும்பு தடிக்காமல் இருக்க ஒன்றரை வருடம் இறுக்கமான சட்டை, பகலும் இரவும். சொறிந்து சொறிந்து ரத்தம் வரும். வெந்த இடத்தில் வேர்க்காது. கத்திரி வெயிலில் உடம்பு கொதிக்கும். ஈரத்துணியைப் போர்த்தி, மக்கால் மொண்டு மொண்டு ஊற்றுவேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

போன மாதம் நான்காவது ஆபரேஷன். பவித்ராவுக்குப் பதினேழு வயது. புது டாக்டர். அதே கேள்வி. தண்ணீர் ஊற்றினீர்களா? சுகுணா பேசுவதற்குள் பவித்ரா முந்திக்கொண்டாள்.

"அம்மா பக்கெட்ட தூக்குச்சு சார். நைனாதான் ஊத்தாதன்னு கத்துச்சு. எனக்கு நல்லா கேட்டுச்சு."

டாக்டர் எழுதிக்கொண்டு போய்விட்டார். பதினோரு வருடமாக அவளுக்குத் தெரியும். என்னிடம் கேட்டதில்லை. இப்போது ஏன் என்று கேட்டாள். பர்னஸ் கதையைச் சொன்னேன். முழுதும் கேட்டாள்.

"நான் இன்னா இரும்பா நைனா?"

கோபமே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

எண்ணிச் சொல்கிறேன். பதினோரு வருடத்துக்கு முன் அந்தத் தீக்காய வார்டில் எங்கள் வரிசையில் ஐந்து குழந்தைகள். மூன்று பேர் வீடு திரும்பினார்கள். கொதிக்கும் சாம்பாரில் விழுந்த அஸ்வின் திரும்பவில்லை. இரண்டு வயது. பக்கத்துக் கட்டில் நந்தினி ஒன்பதாம் நாள் போனாள். பவித்ராவுக்கு வலது காது மடல் போனது. இடது கையில் இரண்டு விரல். மூன்று பள்ளி வருடம். அண்ணாந்து பார்க்கும் கழுத்து. எனக்கு ஒன்றும் போகவில்லை. ஒரு கொப்புளம்கூட இல்லை.

நந்தினி போன அன்று துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் அந்தப் பக்கெட் அப்படியே இருந்தது. நிறையத் தண்ணீர்.