ஒன்பதாம் அறைக்குப் போன அழைப்புகள்

வியாழக்கிழமைகளில் எங்கள் கேன்டீனில் சில்லி என்ற காரமான இறைச்சிக் குழம்பும் சின்னமன் ரோல் என்ற இனிப்பு ரொட்டியும் கிடைக்கும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவதை வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். அதைத் தவிர இருபது வருடங்களில் என்மீது யாரும் குறை சொன்னதில்லை. விசாரிக்க வந்திருக்கிறீர்கள், இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் க்ளென் வோசிகா. கைதிகளை முன்கூட்டியே விடுவிக்கலாமா என்று முடிவுசெய்யும் மாநிலப் பரோல் வாரியத்தின் வீடியோ கருவிகள் என் பொறுப்பு. கைதி சிறையில் கேமரா முன்னால் உட்காருவார், வாரியத்தார் மூவரும் இங்கே உட்காருவார்கள். எந்த அழைப்பு எந்த அறைக்குப் போக வேண்டும் என்று வழி அமைப்பவன் நான். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு கருவிகள். ஊர், மாடி, அறை எண் என்ற வரிசையில்தான் ஒவ்வொன்றுக்கும் பெயர் பதிய வேண்டும். அந்த விதியை எழுதியதும் நான்தான்.

நானூற்றுப் பதினொன்று ஒழுங்காகப் பதிவாகின. சோளக்காட்டு நடுவே இருக்கும் மேற்குச் சிறையில் மட்டும் சார்ஜண்ட் டாட்டி க்ராட்கி தன் கருவிக்குக் 'கோழிக்கூண்டு' என்று பெயர் வைத்திருந்தார். பட்டியலைத் திறக்கும் போதெல்லாம் அது பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி உறுத்தியது. மூன்று முறை மரியாதையாக எழுதினேன். பிறகு போனிலும் சொன்னேன்.

"உங்க லிஸ்ட்டு அழகா இருக்கணும்னு நான் பேரை மாத்தணுமாக்கும்? ஆகஸ்ட்டுல ஒருநாள் இந்த ரூம்ல வந்து உக்காந்து பாருங்க க்ளென், கோழிக்கூண்டுன்னு நீங்களே சொல்வீங்க" என்று சிரித்தார்.

நான் கோபப்படவில்லை. அவர் கருவியின் அழைப்புகளைத் துண்டிக்கவும் இல்லை. துண்டிப்பது தவறு. விதிப்படி பெயர் இல்லாத கருவியின் அழைப்பு ஒன்பதாம் அறைக்குப் போகட்டும் என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன். ஒன்பதாம் அறை பழைய சாமான் போடும் இடம். அங்கே சோதனைக்கு வைத்த கருவி தானாகவே அழைப்பை எடுத்துவிடும். அதன் கேமராவையும் மைக்கையும் அணைத்து வைத்தேன். வாரியத்தார் முகம் காட்டாமல் கேட்பது உண்டு. கைதி பேசி முடிக்கும்வரை குறுக்கிடுவதும் இல்லை. அதனால் அந்தப் பக்கம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இந்தப் பக்கம் வாரியம் பதினைந்து நிமிடம் காத்திருக்கும். பிறகு 'ஆஜராகவில்லை' என்று குறிக்கும். அடுத்த வாய்ப்பு மூன்று வருடம் கழித்து.

முதலில் வந்தவர் ஆர்வில் ஸ்டாம்ப்பர். வயது அறுபத்தேழு. உள்ளே போய் இருபத்திரண்டு வருடம். இணைப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க நான் காபியோடு ஒன்பதாம் அறையில் உட்கார்ந்தேன். படமும் ஒலியும் அருமையாக இருந்தன.

"நான் சுட்ட ஆளு பேரு லெராய். தினம் அந்தப் பேரைச் சொல்லிட்டுத்தான் எந்திரிக்கிறேன்" என்றார். "மன்னிப்பு கேக்க எனக்கு யோக்யதை இல்ல. நுரையீரல்ல ரெண்டாவது கட்டி வந்திருக்கு. என் மக ஒரு ரூமை ஒழிச்சு வெச்சிருக்கா. அங்க போய்ப் படுத்துக்கணும், அவ்ளோதான்."

கேமராவை நோக்கிக் குனிந்தார். "ஐயா, நான் பேசுறது கேக்குதா?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. எனக்கு அந்த அதிகாரம் கிடையாது.

'ஆஜராகவில்லை' என்ற முடிவைப் பார்த்து டாட்டி புகார் அனுப்பினார். கருவியின் பெயர் விதிப்படி இல்லாததால் படிவம் ஏற்கப்படவில்லை. பிறகு வாரியத்துக்கே போன் செய்து சண்டை போட்டார். மேற்குச் சிறையிலிருந்து விசாரணை அறைக்கு அழைப்பு வந்ததா என்று வாரியம் என்னைக் கேட்டது. வரவில்லை என்றேன். அது உண்மை.

இப்படி ஏழு பேர். நவம்பரில் டாட்டி கூப்பிட்டார். "பேரை மாத்திட்டேன் க்ளென். இன்னும் என்ன செய்யணுமோ சொல்லுங்க, செய்றேன். இந்தக் கைதிங்கள மட்டும் விட்டுடுங்க."

இரண்டு நிமிடத்தில் அந்த வரியை நீக்கிச் சரிசெய்து கொடுத்தேன். வன்மம் வைத்துக்கொள்கிறவன் நான் இல்லை.

ஆர்வில் அதற்கு முன்பே, அக்டோபரில், சிறை மருத்துவமனையில் இறந்துவிட்டார். மனசாட்சி உறுத்தவில்லையா என்று கேட்கிறீர்கள். அவர் பத்தொன்பது நிமிடம் பேசினார். ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். நான் மட்டும் அந்த அறையில் இல்லாவிட்டால், பாவம், அந்த மனிதர் பேச்சைக் கேட்க ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார்.