எத்தனை தடவை அணைந்தது

மேலே: …அப்ப பந்து ஆடறவங்கள என்ன பண்ணீங்க?

கீழே: கோச்கிட்ட சொல்லிட்டேன். விளக்க அணைச்சதும் அவங்கவங்க நின்ன எடத்துலயே உக்காந்துக்குவாங்க.

மேலே: எதுக்குன்னு கேக்கலையா?

கீழே: கேட்டாரு. என் பொண்டாட்டி மேல இருந்து பாக்கப் போறான்னேன். மாடியிலயான்னாரு. இன்னும் கொஞ்சம் மேலன்னேன்.

மேலே: விண்வெளி நிலையம்னு சொல்ல வேண்டியதுதானே.

கீழே: சொன்னேன். நானூறு கிலோமீட்டர்னதும் சிரிச்சாரு. அப்புறந்தான் ஒத்துக்கிட்டாரு.

மேலே: வாலு என்ன சொல்றா?

கீழே: உன்கிட்ட பேச மாட்டாளாம். இன்னியோட அஞ்சு நாளு.

மேலே: ஏழு வயசுல இவ்ளோ வீம்பு…

கீழே: யாரு பொண்ணு.

மேலே: அதானே. உங்க பொண்ணு.

கீழே: மைதான விளக்கு எத்தன தடவ அணைஞ்சுதுன்னு அம்மா சரியா சொல்லட்டும், அப்பத்தான் பேசுவேன்னுட்டா. தப்பா சொன்னா நீ இறங்கி வர்ற வரைக்கும் கிடையாதாம்.

மேலே: அதுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்குங்க.

கீழே: சொல்லிப் பாத்தேன். இருக்கட்டும்னா.

மேலே: எத்தனைன்னு எனக்கு மட்டும் மெதுவா சொல்லுங்களேன்.

கீழே: முடியாது. சீட்டுல எழுதி மடிச்சுக் குடுத்திருக்கா. சத்தியம் வேற வாங்கிட்டா.

மேலே: பக்கத்துல இருக்காளா?

கீழே: நான் மைதானத்துல, சுவிட்ச் ரூம்ல இருக்கேன். இங்க ஒரு பல்லி இருக்கு. பேசறியா?

மேலே: வேணாம். அப்ப ஒண்ணு கேக்கறேன். நான் பொய் சொன்னத எப்படிங்க கண்டுபிடிச்சா?

கீழே: என்ன பொய்?

மேலே: தினம் ஏழு மணிக்கு மொட்டமாடியில நின்னு உனக்கு டார்ச் அடிக்கிறேம்மான்னு சொல்வாளே. நானும் தெரிஞ்சுது, தெரிஞ்சுதுன்னு சொல்லிட்டே இருந்தேன்.

கீழே: தெரியாதா?

மேலே: ஊரே கடுகு மாதிரி இருக்கு. அதுல டார்ச் எங்க தெரியும்?

கீழே: அடிப்பாவி. நானும்ல நம்பினேன்.

மேலே: அஞ்சு நாள் முன்னாடி, நேத்து வட்டமா சுத்தினியே, அழகா இருந்துச்சுன்னேன். டக்குனு போன உங்ககிட்ட குடுத்துட்டா.

கீழே: ஆமா. அம்மா பொய் சொல்றான்னா. எப்படித் தெரியும்னு கேட்டேன். வாயத் தொறக்கல.

மேலே: நீங்க ஒரு நாளாவது மாடிக்குப் போய் என்ன பண்றான்னு பாத்திருந்தா…

கீழே: அந்த நேரத்துல எனக்கு இங்கதானே வேல. வீட்ல உங்கக்கா. அவங்களுக்கு முட்டிவலி, மாடி ஏற முடியாது.

மேலே: சரி, இருங்க. கடல் முடியப் போகுது.

கீழே: எப்படி இருக்கு?

மேலே: தண்ணிமேல பச்சப் பச்சயா மீன் படகு விளக்கு. தூரத்து மேகத்துக்குள்ள மின்னல்… ஸ்டார்ட்டர் போன ட்யூப்லைட் மாதிரி.

கீழே: நம்ம சமையல்கட்டக் குத்திக் காட்டறியா?

மேலே: நான் கிளம்பறப்ப மாத்தறேன்னீங்க. நாலு மாசம்.

கீழே: …நீ ஊரப் பாரு.

மேலே: ஆறு வந்துடுச்சு. ஆத்தோட திருப்பம்… ம். நம்ம ஊரு. பாலம் பளபளன்னு இருக்கு. அணைங்க.

கீழே: அணைச்சாச்சு.

மேலே: அணைங்கங்க.

கீழே: அணைச்சுட்டேங்கறேன்ல. கோல்கீப்பர் இருட்டுல பந்தக் கட்டிப்பிடிச்சுட்டு உக்காந்திருக்கான்.

மேலே: இங்க ஒண்ணுமே மாறல…

கீழே: பாலம் தெரியுதுன்னா சொன்ன?

மேலே: நல்லாத் தெரியுது.

கீழே: பாலத்துல விளக்கக் கழட்டி ஒரு மாசம் ஆச்சு. பெயிண்ட் அடிக்கறாங்க.

மேலே: அப்ப நாலு மாசமா நம்ம ஊருன்னு நெனச்சு நான் குட்நைட் சொன்னது யாருக்கு?

கீழே: யாரோ நல்லாத் தூங்கியிருப்பாங்க.

மேலே: சிரிக்காதீங்க. போன வாரங்கூட பாலத்தப் பத்திச் சொன்னேன். அப்பவே சொல்லக்கூடாதா?

கீழே: அவ்ளோ சந்தோஷமா சொன்ன. எதுக்குக் கெடுக்கணும்னு…

மேலே: ஐயோ, இன்னும் ஒரு நிமிஷத்துல தாண்டிடுவேன்.

கீழே: பதறாத. ஆத்தோடயே கீழ வா. அடுத்த திருப்பம். விளக்கப் போட்டுட்டேன். இப்ப சீட்டுப்படி அணைக்கறேன், மொதல்லேர்ந்து எண்ணு.

மேலே: இருங்க, எங்க கேப்டன் ஜன்னல்ல தலைய நீட்டறாரு… சார், கொஞ்சம் நகருங்க, குடும்ப விஷயம். ம், அணைங்க.

கீழே: அணைச்சாச்சு.

மேலே: ஒரு புள்ளி போச்சு. இருங்க… வந்துடுச்சு. அதான். அதான்ங்க.

கீழே: அது ஒண்ணு. இனி எண்ணு.

மேலே: ரெண்டு… மூணு.

கீழே: அவ்வளவுதான்.

மேலே: இல்ல. நாலு. நாலாவது சின்னதா, கண்ண சிமிட்டற மாதிரி.

கீழே: சீட்டுல மூணுதான் இருக்கு.

மேலே: நாலு அணைஞ்சுது.

கீழே: மூணுன்னு சொல்லிட்டா ஜெயிச்சுடுவ.

மேலே: சீட்டுல எதுவோ இருக்கட்டும். நாலு தடவ பாத்தேன். இந்தத் தடவ பொய் சொல்ல மாட்டேன்.

கீழே: சரி. நாலாவது நான் அணைக்கல.

மேலே: பின்ன யாரு, பல்லியா?

கீழே: பல்லிதான். இரு, பேசணுமாம்.

வாலு: அம்மா… நாலு கரெக்ட்டு.

மேலே: அடியே.

வாலு: அப்பா உனக்கு சொல்லிக் குடுத்துடுவாருன்னு சந்தேகமா இருந்துச்சு. அதான் கடைசில நானா ஒண்ணு தட்டினேன்.

மேலே: மொதல்லேர்ந்து எல்லாத்தையும் கேட்டுட்டா இருந்த?

வாலு: ம்.

மேலே: டார்ச் தெரியலன்னு சொன்னதையும்?

வாலு: ம்.

மேலே: தப்புதான் கண்ணு. தெரியலன்னு சொன்னா நீ மாடிக்குப் போறத விட்டுடுவியோன்னுதான்… இனிமே பொய் சொல்ல மாட்டேன்.

வாலு: சரி.

மேலே: நான் ஒத்துக்கிட்டேன்ல, நீயும் சொல்லு. அன்னிக்கு நான் பொய் சொன்னது உனக்கு எப்படித் தெரிஞ்சுது? டார்ச்ச வட்டமா சுத்தலையா? வேற மாதிரி ஆட்டினியா?

வாலு: அப்பா, நீங்க காத மூடிக்குங்க… அம்மா, நான் ஒரு நாளுகூட மாடிக்குப் போகலம்மா. அங்க இருட்டா இருக்கும்.