எட்டுக் கம்பி

இந்த நாற்காலிக்கு ஒரு கால் லேசாக ஆடுகிறது, கவனித்தீர்களா? தொழில் புத்தி. எங்கே போனாலும் என் கண் முதலில் கால்களைத்தான் பார்க்கும்.

கட்டடங்களுக்குக் கணக்குப் போடுவது என் வேலை. உத்தரத்துக்கு எத்தனை கம்பி என்று நான் எழுதித் தருவேன், படக்காரர் அதைக் கட்டட வரைபடமாக வரைவார். எங்கள் படக்காரருக்கு ஆபீசில் பயந்தாங்கொள்ளி என்று பெயர். பத்து என்று எழுதினால், யாரிடமும் மூச்சு விடாமல் பன்னிரண்டு போட்டுவிடுவார். ஒருநாள் கண்டுபிடித்தேன். சண்டை போடவில்லை. அன்றிலிருந்து பத்து வேண்டிய இடத்தில் எட்டு என்று எழுதினேன், அவர் பத்தாக்கினார். பதினெட்டு வருடம் ஜம்மென்று ஓடியது. கம்பியை மிச்சம் பிடிப்பதில் கெட்டிக்காரன் என்று முதலாளி என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்.

பிறகு பயந்தாங்கொள்ளி முதுகுவலி என்று லீவு போட்டார். அந்த வாரம்தான் பள்ளிக்கூட அரங்கத்தின் பால்கனி வேலை வந்தது. அவர் இடத்துக்கு வந்த பெண் படத்தை நீட்டினாள்.

"சார், நீங்க எட்டுன்னு எழுதியிருந்தீங்க. எட்டேதான் போட்டிருக்கேன்."

"ரொம்பச் சரிம்மா," என்று கையெழுத்துப் போட்டேன்.

திருத்தியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்கள், பழைய படங்களையெல்லாம் தோண்டுவார்கள், என் மானம் கப்பலேறும். தவிர, தேவைக்கு மேல் பாதி பலம் சேர்த்துத்தான் எதையும் கட்டுகிறோம். அதில் கொஞ்சம் கை வைத்தால் என்ன? எல்லோரும் அடங்கி உட்கார்ந்திருந்தால் அது இன்றும் நின்றிருக்கும். ஆண்டு விழாவின் கடைசிப் பாட்டுக்குப் பிள்ளைகள் எழுந்து ஒரே தாளத்தில் குதித்தார்கள். செத்தது முப்பத்தோரு பேர் என்கிறீர்கள். பேப்பரில் இருபத்தொன்பது என்று படித்தேன். வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆனால் விழும் என்று எனக்குத் தெரியாது. அதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று காலை என் மகள், "ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் பால்கனிலதான்ப்பா, நானும் மேலயே உக்கார்றேன்," என்றாள். "வேண்டாம் கண்ணு, அம்மாவோட கீழ முன்வரிசைல உக்காரு," என்றேன். பயந்து சொன்னதல்ல. பெற்ற பிள்ளை என்றால் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்துக்கொள்கிறோம், இல்லையா?

ஆஸ்பத்திரி வாசலில் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உங்களுக்கு எப்படிப்பா தெரிஞ்சுது?"

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. சின்னப் பெண்தானே, நாளடைவில் மறந்துவிடுவாள்.