நாற்பத்தோராம் தாளுக்கு அடுத்த தாள்

செல் வளர்ப்பு அறையில் முப்பத்துமூன்று ஆண்டுகள் முறை தவறாது பணியாற்றி, முகம் கோணாது உழைத்து, இன்று மாலையோடு ஓய்வு பெறும், எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருசேர உரிய அக்கா அவர்களுக்கு, ஆய்வகத்தார் அனைவரும் அவை நடுவே எழுந்து நின்று வாசித்தளிக்கும் மடல்.

கண்ணாடித் தட்டுகளின் காவலரே!

‘பண்பின் உறைவிடமே, பாசத்தின் பிறப்பிடமே’ என்று தொடங்குவதுதான் இத்தகைய மடல்களின் மரபு. நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். முதல் வரைவைப் படித்துப் பார்த்த நம் நூலகர், “இது யாருக்கு வேணும்னாலும் பொருந்தும் சார். போன மாசம் வாட்ச்மேனுக்கும் இதேதான் படிச்சோம்” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆகவே உங்களுக்கு மட்டுமே பொருந்துவதை எழுதத் துணிந்தோம். உறைவிடமும் பிறப்பிடமும் அடுத்து ஓய்வு பெறுபவருக்காக அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன.

கதவைத் திறந்து வைத்துக் கதை பேசியவரைக் கண்ணாலேயே வெளியேற்றிய கண்டிப்பே! வெப்பப் பெட்டியின் முப்பத்தேழு பாகையில் அரைப் பாகை குறைந்தாலும், அளவுமானி காட்டுமுன் அறிந்து சொன்ன அறிவே! செல்கள் உண்ணும் இளஞ்சிவப்பான ஊட்டநீர் இலேசாக மஞ்சள் தட்டினால், “யாருப்பா இதுங்கள நேத்து பட்டினி போட்டது?” என்று நீங்கள் கேட்கும் குரலில், பட்டம் வாங்கியவர்களும் வாங்காதவர்களும் வேறுபாடின்றி நடுங்கினோம். செல்லுக்கு ஞாயிறும் இல்லை, திங்களும் இல்லை என்பதால் உங்களுக்கும் இல்லாமற் போயிற்று. விடுமுறை நாள்களில் நீங்கள் உள்ளே ஊட்டநீர் மாற்றிக்கொண்டிருக்க, நடைக்கூடத்து மரப்பலகையில் அமர்ந்து ஏல அறிவிப்புவரை செய்தித்தாளைப் படித்து முடித்த உங்கள் கணவரின் பொறுமையையும் இவ்வேளையில் வணங்குகிறோம்.

அவர் ஒருநாள் பொறுமை இழந்து கேட்டது எங்களுக்கு நினைவிருக்கிறது. “வந்தா தண்ணி மாத்துறா, மறுபடி வந்தா மறுபடி தண்ணி மாத்துறா. உள்ள என்ன மீனா வளக்குறீங்க?” அன்று எல்லாரும் சிரித்தோமே தவிர, ஒருவரும் பதில் சொல்லவில்லை. இன்று முன்வரிசையில் அவரும் உங்கள் மகளும் அமர்ந்திருப்பதால் அந்தக் கடனை முதலில் தீர்க்கிறோம்.

ஐயா, மீன் அல்ல. ஈரல்.

அறுவை அரங்கில், நோயாளியின் ஒப்புதலோடு, தேவை போக மிஞ்சிய ஈரல் துண்டு எங்களிடம் வரும். நொதி ஊற்றினால் அது தனித்தனிச் செல்களாகப் பிரியும். ஒவ்வொரு செல்லுக்குள்ளும், ஓர் உடம்பு முழுவதையும் ஆக்குவதற்கான இருபதாயிரம் மரபணுக்கள் இருக்கின்றன. தோல் செல்லிலும் அவையே, மூளைச் செல்லிலும் அவையே. அப்படியானால் ஈரல் ஏன் ஈரலாகவும் மூளை ஏன் மூளையாகவும் இருக்கின்றன? எல்லாச் செல்லிலும் எல்லாம் இருந்தும், எல்லாம் பேசுவதில்லை என்பதே விடை. இரத்தத்துக்கு வேண்டிய அல்புமின் என்னும் புரதத்தின் மரபணு ஈரலில் ஓயாமல் படியெடுக்கப்படுகிறது. மூளைச் செல்லில் அதே மரபணு புரத உருண்டைகளில் இறுகச் சுற்றப்பட்டு, மேலே வேதி முத்திரை குத்தப்பட்டு, வாய்மூடிக் கிடக்கிறது. அதை வெட்டி எறிவதில்லை, அழிப்பதும் இல்லை. எது பேசும், எது அடங்கும் என்பது, மரபணுவின் வாசலில் வந்து அமரும் சில புரதங்களைப் பொறுத்தது. அந்தப் புரதங்கள் அங்கே நிலைத்து அமர்வதில் அக்கம்பக்கத்துச் செல்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அவை தொட்டும் தூதனுப்பியும், ‘நீ ஈரல், நீ ஈரல்’ என்று ஓயாமல் நினைவூட்டிக்கொண்டே இருக்கின்றன.

அந்தக் கடைசி வாக்கியத்தை இன்று பாடநூலே சொல்கிறது. இந்த ஆய்வகத்தில் அதை முதலில் சொன்னவர் நீங்கள். சொன்னதற்காகத் தண்டனை பெற்றவரும் நீங்கள்தான்.

அலசலின் அரசியே!

இதுவரை ‘நாங்கள்’ என்று எழுதி வந்தேன். இனி அப்படி எழுதக் கை கூசுகிறது. ஏனெனில் அந்தத் தண்டனைத் தாளில் இருந்தது ஒரே கையொப்பம். அது இன்று இந்த ஆய்வகத்தின் தலைவனாக இருந்து இம்மடலை எழுதும் என்னுடையது.

நான் பணியில் சேர்ந்தபோது உங்களுக்குப் பதினோராண்டு அனுபவம். எனக்குப் பதினோரு நாள் அனுபவமும் மலையளவு மிடுக்கும். பிரித்த செல்களைச் சுழற்றும் எந்திரத்தில் இட்டால், கனமான ஈரல் செல்கள் அடியில் தங்கும், இலேசான பிற செல்கள் மேல்நீரில் நிற்கும். மேல்நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீர் விட்டு மறுபடி சுழற்றுவதைத்தான் அலசல் என்போம். மூன்று முறை அலச வேண்டும், ஈரல் செல்லைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது என்பது நான் கொண்டுவந்த விதி. செல்கள் சுத்தமாகத்தான் இருந்தன, ஆனால் ஐந்தாம் நாள் அவை ஈரலாக இல்லை. கோணம் கோணமாய், ஓரம் மின்ன, ஒன்றையொன்று ஒட்டி நின்ற செல்கள் தட்டையாகப் பரந்துபோயின; அல்புமினும் நின்றுபோயிற்று. நான் தட்டைக் குறை சொன்னேன், நீரைக் குறை சொன்னேன், ஊட்டநீர் அனுப்பியவரைக் குறை சொன்னேன்.

நீங்கள் மட்டும் வாசலில் நின்று சொன்னீர்கள்: “சார், மூணு தடவ அலசுனா அஞ்சாம் நாளே சோந்து போயிடுதுங்க. ஒரு தடவ அலசுனது நிக்குது. கூட இருந்ததையெல்லாம் கழுவி விட்டுட்டோம்ல, அதுக்கு தான் யாருன்னே மறந்து போச்சோ என்னவோ.”

நான் சிரித்தேன். செல்லுக்கு மறதியா என்று கேட்டேன். அந்தச் சிரிப்பு இப்போதும் காதில் விழுகிறது, விழ வேண்டும்.

அதன்பின் ஒவ்வொரு முறையும் விதிப்படி எல்லாத் தட்டும் செய்து, கூடவே ஒரே ஒரு தட்டில் ஒருமுறை அலசிய செல்களை இட்டு, மூடியில் சிவப்புப் பென்சிலால் ‘ஒரு அலசல்’ என்று எழுதி வைத்தீர்கள். ஒளித்து வைக்கவில்லை. எழுதியே வைத்தீர்கள். அதைக் கண்ட நான், மெத்தனம், கலப்படம், கீழ்ப்படியாமை என்று மூன்று குற்றம் சாட்டி, மீண்டும் நிகழ்ந்தால் பணி நீக்கம் என்று மெமோ எழுதினேன். அது உங்கள் பணிக்கோப்பில் நாற்பத்தோராம் தாளாக ஏறியது. தேநீர் அறையில் உங்களுக்கு ‘ஒத்த அலசு அக்கா’ என்று பெயரும் வைத்தோம். பதவி உயர்வுப் பட்டியலில் இருமுறை உங்களுக்குப் பின் வந்தவர்கள் உங்களைத் தாண்டிப் போனார்கள்.

அந்தத் தட்டைக் குப்பையில் போடச் சொல்லியிருந்தேன். நீங்கள் போடவில்லை, வெப்பப் பெட்டியின் கடைசி அடுக்கில் பின்னால் தள்ளி வைத்து ஊட்டநீர் மாற்றிக்கொண்டே இருந்தீர்கள். பதினெட்டாம் நாள் அல்புமின் அளக்கும் குழிப்பலகையில் இரண்டு குழிகள் காலியாக இருந்தன. “சும்மாதானே கெடக்கு, இதையும் போட்டுப் பாருங்களேன்” என்று அந்தத் தட்டின் ஊட்டநீர் இருந்த ஒரு சிறு குப்பியை நீட்டினீர்கள். என் சுத்தமான தட்டுகளில் ஒன்றுமில்லை. உங்கள் சிவப்புப் பென்சில் தட்டு, ஈரலாகவே இருந்து அல்புமின் சுரந்துகொண்டிருந்தது. அளவில்தான் தவறு இருக்கும் என்று மூன்று முறை திருப்பிச் செய்தேன். மூன்று முறையும் நீங்கள் சொன்னதே சரியாக வந்தது. என் செல்களில் மரபணு எதுவும் தொலையவில்லை. பேசச் சொல்ல ஆளில்லாமல் அடங்கிப் போயிருந்தது, அவ்வளவுதான்.

அது கட்டுரையாக வெளிவந்தது. ஆசிரியர் வரிசையில் ஐந்து பெயர்கள், ஒன்றும் உங்களுடையதன்று. கடைசிப் பக்கத்தில், மின்சாரம் தடைபடாமல் பார்த்துக்கொண்டவருக்கு நன்றி சொன்ன வரியில் உங்களையும் சேர்த்தேன். கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தீர்கள். சண்டைக்குத்தான் வருகிறீர்கள் என்று நினைத்தேன்.

“பேரெல்லாம் வேண்டாங்க சார். அந்த மெமோவ மட்டும் பைல்லேருந்து எடுத்துடுங்க. என்னைக்காவது யாராவது பொரட்டிப் பாத்தா, சுத்தம் இல்லாதவன்னுல்ல நெனப்பாங்க.”

“பாக்கலாங்க்கா” என்றேன்.

இருபது ஆண்டுகள் ‘பார்க்கலாம்’ என்றேன். நீங்கள் ஆண்டுக்கு ஒருமுறை கேட்டீர்கள். பின்பு இரண்டாண்டுக்கு ஒருமுறை. பிறகு கேட்பதை விட்டுவிட்டீர்கள். நீங்கள் கேட்காமல் விட்டதுதான் என்னைச் சுட்டது. எடுத்தால் நான் செய்தது தவறென்று நானே கையெழுத்திட வேண்டும். அந்த ஒரு கையெழுத்துக்குத்தான் இத்தனை வருடம் அஞ்சினேன்.

சென்ற வாரம் பதிவறைக்குப் போய், அந்தத் தாளை எடுத்துவிடுங்கள் என்றேன். பதிவறை எழுத்தர் தலையசைத்து மறுத்துவிட்டார். “நம்பர் போட்ட தாளுங்க. எடுத்தா நாப்பதுக்கு அப்புறம் நாப்பத்திரெண்டு வரும். பாக்குறவங்க, ஏதோ பெருசா பண்ணிட்டு மறச்சிருக்காங்கன்னுதான் நெனப்பாங்க. வேணும்னா பக்கத்துல ஒண்ணு வைங்க சார். எதப் படிச்சாலும் அதையும் சேத்துத்தானே படிப்பாங்க.”

வாழ்நாள் முழுதும் இதையே பாடமாக நடத்திய எனக்கு, இதைச் சொல்ல ஒரு பதிவறை எழுத்தர் வேண்டியிருந்தது. உடம்பும் எந்தத் தாளையும் கிழிப்பதில்லை; பக்கத்தில் எது வந்து அமர்கிறதோ அதைக் கொண்டே எதைப் படிப்பது, எதை அடக்குவது என்று தீர்மானிக்கிறது.

ஆகவே அவையறியச் சொல்கிறேன். நாற்பத்தோராம் தாளில் மெத்தனம் என்றிருப்பது கூர்மையான பார்வை. கலப்படம் என்றிருப்பது கண்டுபிடிப்பு. கீழ்ப்படியாமை என்றிருப்பது மட்டும் உண்மை. அதற்கு இந்த ஆய்வகம் என்றும் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. கட்டுரையில் உங்கள் பெயரைச் சேர்க்கும்படி இதழுக்கும் எழுதிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை. வரும்வரை எழுதிக்கொண்டே இருப்பேன். பார்க்கலாம் என்று சொல்ல மாட்டேன். மன்னித்துவிடுங்கள், அக்கா.

ஒட்டி வாழ்வதன் உண்மை உரைத்தவரே!

நோய் அணுகாது, நோவு தீண்டாது, நூறாண்டு வாழ்க! ஞாயிறு என்று ஒரு நாள் இருப்பதை உங்கள் கணவரோடு சேர்ந்து கண்டறிக! மகளும் பேச்சுத்துணையும் அண்டை வீட்டாரும் அன்றாடச் சச்சரவும் சூழ, எவராலும் மூன்று முறை அலசப்படாமல் இனிது வாழ்க! அறைக்கு எப்போது வந்தாலும் உங்கள் முக்காலி இருந்த இடத்திலேயே இருக்கும்.

இம்மடலுக்கு இரண்டு படிகள். ஒன்று சட்டமிட்டு உங்கள் வீட்டுச் சுவருக்கு. மற்றொன்று நாற்பத்தொன்று-அ என்று எண்ணிட்டு உங்கள் கோப்புக்கு. வாசித்து முடித்ததும் பதிவறை எழுத்தர் கோப்பை மேடைக்குக் கொண்டுவருவார். தாளைக் கோத்து முடிச்சிடும் உரிமை எனக்கில்லை. நீங்களே கோத்துவிடுங்கள், அக்கா. இந்த ஆய்வகத்தில் உங்கள் கையைவிடச் சுத்தமான கை வேறில்லை.

இங்ஙனம்,
நாற்பத்தோராம் தாளில் கையொப்பமிட்ட அதே கை;
அதன்கீழ், உங்களிடம் திட்டு வாங்கிய ஆய்வகத்தார் நாற்பத்தாறு பேரும்.