சோப்புத் தண்ணீர் என் இலாகா

சோப்புத் தண்ணீர் கலக்குவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, சார். ஒரு கிண்ணத்தில் பாதி தண்ணீர், பாத்திரம் கழுவுகிற சோப்பில் கொஞ்சம், ஒரு பழைய பிரஷ். அந்த நுரையைக் கேஸ் குழாயில் தடவினால், எங்கே கசிகிறதோ அங்கே குமிழ் விட்டுக் காட்டிக் கொடுத்துவிடும். யார் வேண்டுமானாலும் செய்யலாம். எங்கள் வீட்டில் மட்டும் அது மந்திரி பதவியேற்பு மாதிரி நடக்கும்.

என் தங்கையின் கணவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். அறைகளில் அடிக்கிற வாசனை ஸ்பிரே தயாரிக்கும் கம்பெனியில் அவர் வாசனைப் பிரிவுத் தலைவர். நான் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தேன். அச்சகத்தை மூடிய பிறகு அவர்கள் வீட்டு மாடி அறைக்கு வந்தேன். என்னை மரியாதையாகத்தான் வைத்துக்கொண்டார். அதை யாரும் மறந்துவிடக் கூடாதே என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியும் வந்தார்.

பின்முற்றத்தில் ஒரு கிரில் அடுப்பு உண்டு. ஆபீஸ்காரர்களை வரவழைத்துக் கோழி சுட்டுப் போடுவது அவருக்குப் பிடிக்கும். சிலிண்டர் சுவரோரம் நிற்கும். அங்கிருந்து ஒரு ரப்பர் குழாய் கிரிலின் அடியில் உள்ள பெட்டிக்குள் போகும். பற்றவைப்பதற்கு முன், ஏப்ரன் கட்டிக்கொண்டு, எல்லாரையும் அரைவட்டமாக நிற்கவைத்து, குழாயில் நுரை தடவிக்கொண்டே பாதுகாப்பைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவார். பக்கத்தில் கிண்ணம் ஏந்தி நிற்பவன் நான்.

அந்த நுரை வெறும் பகட்டு இல்லை, அவருக்கு அது தேவையாகவே இருந்தது. போன வருஷக் காய்ச்சலில் அவருக்கு மோப்பம் அடியோடு போய்விட்டது. ஒரு நாள் அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் நெடி. மனிதர் பக்கத்திலேயே உட்கார்ந்து நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அண்ணா, வெளிய யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா வேலை போயிடும்."

நான் சொல்லவில்லை. மூக்கில்லாமலே ஒரு வருஷம் மூக்கை வைத்துச் சம்பாதித்தார். ஆபீசில் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்த வருஷம் விற்பனை கூடியதாகவும் கேள்வி. அதைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை.

ஆனால் கேஸ் விஷயத்தில் விளையாட முடியாதே. அதற்குத் தங்கை ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். அவர் வால்வைத் திறந்ததும், ஏதோ எடுக்க வந்தவள் போலக் கையில் ஒரு தட்டோடு கிரிலுக்குப் பின்னால் ஒரு நடை நடப்பாள். வாடை இல்லையென்றால் தட்டை மேசையில் வைப்பாள். இருந்தால் தட்டு கையிலேயே இருக்கும். அவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார். முதல் சோதனை அவள் மூக்கு, இரண்டாவது சோதனை என் நுரை. கைதட்டல் மட்டும் அவருக்கு.

கடைசிக்கு முந்தைய விருந்தில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. சிலிண்டர் வாயில் குழாய் கொஞ்சம் தளர்ந்த மாதிரி தெரிந்தது. வால்வை மூடலாம் என்று கையை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், வால்வு கிட்டயே போகாதீங்க. சோப்புத் தண்ணி கலக்குறதுதான் உங்க இலாகா." பிறகு கூட்டத்தைப் பார்த்து, "ஆயுசு பூரா கமாவுக்குப் புள்ளி வெச்ச மனுஷன் சார். இவர்கிட்ட சிலிண்டரைக் குடுத்தா ஊர் தாங்குமா?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். அவருடைய ஜெனரல் மேனேஜர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. எனக்கு வருத்தம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். கமாவுக்குப் புள்ளி வைப்பதில்லை. அந்தத் தவறு மட்டும்தான் கொஞ்ச நாள் உறுத்தியது.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். புது வாசனை ஒன்றை அறிமுகப்படுத்த ஆபீஸ்காரர்களை அழைத்திருந்தார். காலையில் கிரில் உறையை எடுத்துத் துடைத்தது நான். பெட்டிக்குள்ளே குழாயை எலி கடித்திருந்தது. அடிப்பக்கம், குனிந்து பார்த்தால்தான் தெரியும். எலிதான் கடித்தது, நான் இல்லை. இதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள். செய்யாததைச் செய்ததாக எழுதுவதும் பிழைதான்.

சாயங்காலம் தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டு மாடிக்கு வந்தாள். கையில் அந்தத் தட்டு.

"அண்ணா, எனக்கு சளி. மூக்கு சுத்தமா அடைச்சிருக்கு. இன்னிக்கு நீ ஒரு நடை போயிட்டு வந்துடு. அவர்கிட்டயும் சொல்லிட்டேன்."

"என் மூக்கை நம்புறாரா?"

"உன்னை நம்பாம வேற யாரை நம்புறது, போ."

நான் சமையலறைக்குப் போய்க் கிண்ணத்தில் தண்ணீர் பிடித்தேன். சோப்பு விடவில்லை. தண்ணீர் தெளிவாக இருந்தால் சந்தேகம் வருமே என்று கொஞ்சம் பால் விட்டேன். நல்ல கலங்கலாக வந்தது. இதை நான் ரொம்ப யோசித்துச் செய்யவில்லை. பால் கைக்குப் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

முற்றத்தில் புது வாசனையைத் தாராளமாக அடித்து வைத்திருந்தார்கள். அவர் வால்வைத் திறந்தார். நான் தட்டோடு கிரிலுக்குப் பின்னால் நடந்தேன். அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி ஒரு நெடி. மூக்குள்ள எவனுக்கும் தெரிகிற நெடி. அவர் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் என்னை ஒரு பொருட்டாகப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நான் தட்டை மேசையில் வைத்தேன்.

அதற்குள் நெடி ஜெனரல் மேனேஜருக்கும் எட்டிவிட்டது. முகத்தைச் சுளித்தார்.

"என்னய்யா இது, ஒரு மாதிரி அடிக்குதே? புது ரகமா?"

மாப்பிள்ளை ஆழமாக மூச்சை இழுத்து, கண்ணை மூடித் திறந்தார். "அதான் சார் இதோட அடி வாசனை. முதல்ல காட்டமா இருக்கும். போகப் போகப் பிடிச்சிடும்."

"ஓகோ," என்றார் ஜெனரல் மேனேஜர். "வித்தியாசமா இருக்கு."

"ரொம்ப வித்தியாசமா இருக்கு சார்," என்றார் கணக்குப் பிரிவுக்காரர். அவருக்குப் பக்கத்தில் நின்றவர் ஒருபடி மேலே போய், தன் அம்மாவின் ஞாபகம் வருவதாகச் சொன்னார். அத்தனை பேருக்கும் மூக்கு இருந்தது, சார். என்னை மட்டும் இப்படிப் பார்க்கிறீர்கள்.

நான் கிண்ணத்தை நீட்டினேன். வாங்கி, எல்லார் முன்னாலும் முகர்ந்து பார்த்தார். "எலுமிச்சை சோப்புதானே மச்சான்? வாசனையே சொல்லுதே!"

அந்த இடத்தில் அவர் உண்மையை ஒப்புக்கொண்டிருக்கலாம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் என்று ஒரே ஒரு வார்த்தை. நான் அவருக்குக் கொடுத்த வாய்ப்பு அது. எலுமிச்சை என்றாரே, நான் என்ன செய்ய?

பிரஷை நனைத்துத் தடவினார். வெறும் தண்ணீர் குழாயில் ஒட்டாமல் சொட்டி ஓடியது. நுரை இல்லை, குமிழ் இல்லை. படிக்கிற கண்ணாடியை அவர் விருந்தாளிகள் முன்னால் போட்டுக்கொள்ள மாட்டார், அதனால் நுரையே இல்லாதது அவர் கண்ணில் படவில்லை. "பாத்துக்கோங்க, ஒரு சொட்டு லீக் கிடையாது," என்று சொல்லிக்கொண்டே குனிந்து பற்றவைத்தார்.

கிரிலுக்கு அடியில் இருந்த பெட்டி திறந்த மாதிரி இருந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. ஏப்ரனில்தான் முதலில் தீப் பிடித்தது. ஆபீஸ்காரர்கள் வாசலைப் பார்த்து ஓடினார்கள், பதவி வரிசைப்படிதான். என் தங்கை மட்டும் எதிர்ப்பக்கம் ஓடினாள். வெறுங்கையால் அவரை இழுத்தாள். குழாயிலிருந்து தீ அடித்துக்கொண்டே இருந்ததால் அவளால் அவரைச் சீக்கிரம் வெளியே எடுக்க முடியவில்லை.

அவர் ஆஸ்பத்திரியில் காலமானது உங்களுக்குத் தெரியும். தங்கையின் இரண்டு கைகளிலும் முழங்கை வரை கட்டு. நான்தான் கூட இருந்து ஸ்பூனால் கஞ்சி ஊட்டுகிறேன். அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. தனக்குச் சளி பிடித்ததால்தான் இப்படி ஆயிற்று என்று ஓயாமல் சொல்கிறாள். "அண்ணனுக்கு அந்த வாடையெல்லாம் பழக்கமில்லை, அவரை எதுவும் கேக்காதீங்க" என்று உங்கள் ஆட்களிடமும் சொல்லியிருக்கிறாள். அவளுடைய வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினீர்கள். அதில் பிழை இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன். பிழையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அவர் சாக வேண்டும் என்று நான் நினைத்ததே கிடையாது. மீசை கருகும், நாலு பேர் முன்னால் குட்டு வெளிப்படும், அப்புறம் மனிதர் கொஞ்சம் தணிந்து பேசுவார் என்று நினைத்தேன். உண்மை வெளியே வர வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தீ எரிந்த நேரம் முழுக்க நான் சிலிண்டர் பக்கத்தில்தான் நின்றேன். அங்கே சூடுகூட அவ்வளவாக இல்லை. வால்வு என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, ஒரு திருகு திருகினால் எல்லாம் அணைந்திருக்கும். தங்கை என்னைப் பார்த்து, "அண்ணா, மூடு, மூடு," என்று கத்திக்கொண்டே இருந்தாள். ஆனால் வால்வு கிட்டயே போகக் கூடாது என்று நாலு பேர் முன்னால் சொன்னவர் அவர். அந்த வீட்டில் இருந்தவரை, சார், அவர் பேச்சை நான் ஒரு நாளும் மீறியதில்லை.